கல்லாகும் உடம்பு, யார் விட்ட சாபம்?

ரோய்ன் ஆற்றில் ஒரு படகு மூடுபனிக்குள் நுழைகிறது. இரண்டு பக்கமும் இடிந்து முழுகிக் கிடக்கும் பழைய நகரம். படகை ஓட்டுகிற யாண்ட்ரியும் அவன் மனைவியும் இந்த ஆற்றைத் தாயாகக் கும்பிடுகிறவர்கள். தங்கள் முன்னோரின் இளவரசன் சாகும்போது விட்ட சாபம்தான் இந்தப் பனி என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. படகில் ஏறிய மற்றவர்களில் சிலருக்கு அதெல்லாம் கட்டுக்கதை. அவர்களைப் பொறுத்தவரை இது ஈரமும் குளிரும் சேர்ந்த இடத்தில் பரவும் ஒரு தொற்றுநோய், அவ்வளவுதான். சாபம் என்பவர்களும் நோய் என்பவர்களும் ஒன்றுபோலவே வாயைப் பொத்திக்கொள்கிறார்கள்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2011இல் வெளியிட்ட 'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்' நாவலில் வரும் காட்சி இது. நோயின் பெயர் கிரேஸ்கேல். விரல் நுனியில் மரத்துப்போவதில் தொடங்கும். தோல் சாம்பல் நிறமாகி, இறுகி, வெடித்து, கடைசியில் கல்லைப் போலாகிவிடும். பிறகு உள்ளுறுப்புகளுக்கும் மூளைக்கும் பரவும். குழந்தைகள் சில சமயம் பிழைப்பார்கள், ஆனால் முகத்தில் தழும்போடு. வளர்ந்தவர்களுக்குத் தப்புவழி கிடையாது. எலுமிச்சை, கடுகுப் பற்று, கொதிக்கக் கொதிக்கக் குளியல் என்று மருத்துவம் கற்ற மெயிஸ்டர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஜெபம், பலி, உபவாசம் என்று செப்டன்கள், அதாவது அந்த உலகத்துக் குருமார்கள், இன்னொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். படகில் வரும் ஹால்டன் மெயிஸ்டர் படிப்பைப் பாதியில் விட்டவன். அவன் கணக்கில் உருப்படியான வைத்தியம் மூன்றுதான்: கோடரி, வாள், வெட்டுக்கத்தி. அவையும் எல்லா நேரமும் பலிப்பதில்லை.

கற்பனை உலகத்து நோய்க்கு எதற்கு இத்தனை ஆராய்ச்சி என்று கேட்கலாம். தீராத நோய் ஒருவருக்கு வந்தால் 'ஏன் இவருக்கு?' என்று கேட்காத சமயமில்லை, கேட்காத குடும்பமுமில்லை. நிஜ உலகில் அந்தக் கேள்விக்குப் பதிலைச் சரிபார்க்க வழியில்லை. கற்பனை உலகில் எழுதுகிறவரே படைப்பவர். அவர் நினைத்தால் நோயைத் தெய்வத் தண்டனையாகவே ஆக்கிக் காட்டலாம். 'ஆமாம், இவன் பாவிதான்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். மார்ட்டின் அதைச் செய்யவில்லை. செய்யாமல் விட்ட விதம்தான் கவனிக்க வேண்டியது.

அவருடைய உலகத்தில் மந்திரம் பொய்யில்லை. டிராகன் பறக்கிறது. செத்த பெரிக் டொண்டாரியனை ஒரு பூசாரியின் பிரார்த்தனை திரும்பத் திரும்ப எழுப்புகிறது. அப்படிப்பட்ட உலகில் சாபமும் பலிக்கலாம் என்பதை மறுக்க முடியாது. சாபத்தின் கதையும் லேசானதில்லை. வலீரியா என்ற பேரரசை எதிர்த்து இளவரசன் காரின் இரண்டரை லட்சம் பேரைத் திரட்டிப் போருக்குப் போகிறான். டிராகன்கள் அந்தப் படையை எரித்துவிடுகின்றன. பிடிபட்ட காரினைத் தங்கக் கூண்டில் தொங்கவிட்டு, தன் நகரம் அழிவதையும் தன் மக்கள் அடிமைகளாவதையும் பார்க்க வைக்கிறார்கள். அவன் ஆற்றுத்தாயைக் கூப்பிடுகிறான். அன்றிரவு ஆறு பொங்கி வென்றவர்களை விழுங்குகிறது, பனி இறங்குகிறது, அந்தப் பனிக்குள் மனிதர்கள் கல்லாகிறார்கள். தோற்றவர்களின் நியாயம் நோயாக வந்து நிற்கிறது என்பது கதையின் சாரம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பல நூற்றாண்டு கழித்து அந்த ஆற்றோரம் நோய் தொற்றிக்கொள்பவர்கள் வலீரியாக்காரர்கள் இல்லையே!

படகின் மேல் கல்மனிதர்கள், அதாவது நோய் முற்றியவர்கள், குதிக்கும்போது படகில் வந்த டிரியன் லானிஸ்டர் ஆற்றில் விழுகிறான். பெற்ற தகப்பனைக் கொன்றவன், காதலியைக் கழுத்தை நெரித்துக் கொன்றவன். பாவக் கணக்கு என்று ஒன்று இருந்தால் அன்றைக்கு அவன் பெயர்தான் முதலில் வந்திருக்க வேண்டும். அவனைக் காப்பாற்ற உடன் வந்த ஜான் கானிங்டன் தண்ணீரில் குதிக்கிறான். டிரியனுக்கு நோய் வரவில்லை. குதித்தவனுக்கு வந்துவிடுகிறது.

இந்த ஒரு திருப்பத்தில் மார்ட்டின் தன் தீர்ப்பை எழுதிவிட்டார். சாபம் இருந்ததா இல்லையா என்பதை அவர் சொல்லவில்லை. இருந்தாலும் அதற்கு ஆள் அடையாளம் தெரியாது என்பதைக் காட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு வரும் பக்கங்கள்தான் நாவலில் நோயை மிக அருகில் காட்டுபவை. கை கால் விரல்களைத் தினமும் கத்தி முனையால் குத்திப் பார் என்கிறான் ஹால்டன். வலித்தால் பிழைத்தாய், ஒரு விரல் வலிக்காமல் போனால் அன்றைக்கே கவலைப்பட வேண்டும். டிரியன் குத்திக் குத்திப் பார்த்து ஒவ்வொரு ரத்தத்துளிக்கும் நிம்மதி அடைகிறான். கானிங்டனோ கையுறைக்குள் விரலை ஒளித்துக்கொள்கிறான். செத்துப்போவதைப் பற்றி அவனுக்குப் பயமில்லை. நாள் கணக்கு அவன் போட்டுவிட்டான். வெளியே தெரிந்தால் உடன் இருக்கிறவர்கள் விலகிவிடுவார்கள், தூக்கி வளர்த்த பையனுக்கு அரியணை வாங்கிக்கொடுக்கும் வேலை நின்றுபோகும். அதுதான் பயம். நோயைவிட நோயின் பெயர் வேகமாகக் கொல்லும் என்பதை அந்தக் கையுறை காட்டுகிறது.

கத்தி முனை வைத்தியம் மார்ட்டினின் கற்பனை என்று நினைப்பவர்கள் 12ஆம் நூற்றாண்டு ஜெருசலேமுக்குப் போக வேண்டும். இளவரசன் பால்ட்வினுக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். கூட விளையாடும் பையன்கள் ஒருவர் கையை ஒருவர் நகத்தால் கீறிக்கொள்கிறார்கள். எல்லாரும் கத்த, பால்ட்வின் மட்டும் சும்மா நிற்கிறான். பொறுமைசாலி என்றுதான் அவனுடைய ஆசிரியர் வில்லியம் முதலில் நினைத்தார். கூப்பிட்டு விசாரித்தபோதுதான் வலது கையில் பாதிக்கு உணர்ச்சியே இல்லை என்று தெரிந்தது. தொழுநோய். அந்தப் பையன்தான் 1174இல் நான்காம் பால்ட்வினாக முடிசூடி, 1177இல் மோன்ட்கிசார் போரில் சலாவுதீனின் படையைத் தோற்கடித்து, 1185இல் இருபத்து நான்கு வயதுக்குள் இறந்துபோனான்.

அவனைப் பற்றி 1181இல் போப் மூன்றாம் அலெக்சாண்டர் எழுதிய கடிதத்தில், கடவுளின் நீதியான தீர்ப்பால் அடிபட்டவன் என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. சிலுவைப் போருக்கு ஆள் சேர்க்க எழுதிய கடிதம் அது. அரசன் ஆள முடியாதவன், ஆகவே வாருங்கள் என்பது அழைப்பு. ஆனால் அதே ஜெருசலேமில் புனித லாசரஸின் பெயரில் ஒரு துறவுச் சபை இயங்கிக்கொண்டிருந்தது. தொழுநோய் கண்ட போர்வீரர்கள் அதில் சேர்ந்து வாழ்ந்தார்கள். நோயாளிகள் இந்தப் பூமியிலேயே தங்கள் உத்தரிப்பைக் கழித்துவிடுகிறவர்கள், ஆகவே கடவுளுக்கு நெருக்கமானவர்கள் என்ற எண்ணமும் அந்தக் காலத்துக் கிறிஸ்தவத்தில் வலுவாகவே இருந்தது. ஒரே நகரம், ஒரே மதம், ஒரே நோய். ஒரு வாசலில் தண்டனை, அடுத்த வாசலில் அருள். அதற்கடுத்த நூற்றாண்டுக்குப் பின், 1321இல், பிரான்சில் கிணறுகளில் விஷம் கலந்தார்கள் என்று பழிசுமத்தித் தொழுநோயாளிகளை உயிரோடு எரித்தார்கள். அருளுக்கு அருகில்தான் நெருப்பும் இருந்திருக்கிறது.

கர்மக் கொள்கை உள்ள சமயங்கள் இந்தக் கேள்வியை எளிதாகத் தாண்டிவிடும் என்று தோன்றும். முற்பிறவிக் கணக்கு என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் பாலி மொழியில் உள்ள உதான நூலில் சுப்பபுத்தர் என்ற ஏழைத் தொழுநோயாளியின் கதை இருக்கிறது. ராஜகிருகத்தில் கூட்டத்தைப் பார்த்துச் சாப்பாடு போடுகிறார்கள் என்று நம்பிப் போகிறார். போனால் புத்தர் பேசிக்கொண்டிருக்கிறார். புத்தர் அந்தக் கூட்டம் முழுவதையும் மனத்தால் அளந்து பார்த்து, உண்மையை விளங்கிக்கொள்ளக் கூடியவர் இவர்தான் என்று இந்த மனிதரை வைத்தே உபதேசத்தைத் தொடங்குகிறார். சுப்பபுத்தர் அங்கேயே ஞானத்தின் முதல் படியில் ஏறிவிடுகிறார். வெளியே வந்தவரைக் கன்றுடன் நின்ற பசு முட்டிக் கொன்றுவிடுகிறது. அவருக்கு ஏன் இந்த நோய் வந்தது என்று பிக்குகள் கேட்கிறார்கள். முற்பிறவியில் பணக்கார வீட்டுப் பிள்ளையாக இருந்தபோது ஒரு துறவியைப் பார்த்து, 'யார் இந்தக் குஷ்டரோகி' என்ற தோரணையில் காறித் துப்பியவர் என்று பதில் வருகிறது.

அந்தப் பதிலை ஒரு முறைக்கு இரண்டு முறை படிக்க வேண்டும். வினைக் கணக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கணக்கில் எழுதப்பட்ட குற்றமே நோயாளி என்று ஒருவரை இழிவுபடுத்தியதுதான். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வெளியே போய்த் தொழுநோயாளியைப் பார்த்து முகம் சுளிக்கிறவன் தன் பெயரிலேயே ஒரு கணக்கைத் தொடங்கிக்கொள்கிறான்.

மார்ட்டினின் நாவலுக்குத் திரும்பினால், அங்கே சுளிக்கும் முகங்களுக்குக் குறைவில்லை. ஷிரீன் என்ற சிறுமி, அரசுரிமை கோரும் ஸ்டானிஸின் ஒரே மகள். கைக்குழந்தையாக இருந்தபோது நோய் வந்து, பிழைத்து, ஒரு கன்னமும் கழுத்தும் கல்லாக இறுகிப் போனவள். பெருஞ்சுவருக்கு வடக்கேயிருந்து வந்த வால் என்ற பெண் அவளைப் பார்த்ததும் பதறுகிறாள்: தூங்குகிற நோய் மறுபடி விழிக்கும், இது சுத்தமில்லாத பிள்ளை, எங்கள் ஊராக இருந்தால் அன்றைக்கே விஷமோ தலையணையோ வைத்து முடித்திருப்போம் என்கிறாள். வால் கொடுமைக்காரி இல்லை. நாவலில் மதிக்கத்தக்க பெண்களில் ஒருத்தி, தன் பொறுப்பில் உள்ள கைக்குழந்தைக்காகத் துடிக்கிறவள். மருத்துவரே இல்லாத பனிக்காட்டில் ஒரு தொற்றை நிறுத்த அந்த மக்களுக்குத் தெரிந்த ஒரே வழி அது. 'சுத்தமில்லை' என்ற தீர்ப்பு பல இடங்களில் இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும்: தனிமைப்படுத்தலாகத் தொடங்கி, காரணம் மறந்துபோய், சாஸ்திரமாகி நிலைத்துவிட்டது. பழைய ஏற்பாட்டின் லேவியராகமத்தில் தோலைப் பரிசோதித்துத் தீட்டா இல்லையா என்று சொல்வது வைத்தியர் இல்லை, ஆசாரியர்.

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் நாவலில் உண்டு. ஓல்ட்டவுன் நகரில் இந்த நோயின் கொடிய உறவுக்காரனான சாம்பல் கொள்ளைநோய் வந்தபோது, குவென்டன் ஹைடவர் என்ற பிரபு நகரக் கதவுகளை அடைத்துக் கப்பல்களை எரித்தார். பாதி ஊர் செத்தது, நாடு பிழைத்தது. கதவைத் திறந்த அன்று மக்கள் அவரைக் குதிரையிலிருந்து இழுத்துக் கொன்றார்கள். ஊரடங்கைப் பார்த்த தலைமுறைக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

மார்ட்டினின் கதையை வைத்து எடுத்த தொலைக்காட்சித் தொடர் ஷிரீனை இன்னும் கொடிய இடத்துக்குக் கொண்டுபோனது. 2015இல் ஒளிபரப்பான ஐந்தாம் பருவத்தில் ஸ்டானிஸ் மகளிடம் பழைய கதை சொல்கிறார். வணிகன் கொடுத்த மரப்பொம்மையிலிருந்து உனக்கு நோய் வந்தது. கல்மனிதர்களோடு அனுப்பிவிடு என்று எல்லாரும் சொன்னார்கள். நான் உலகத்து வைத்தியர்களையெல்லாம் கூப்பிட்டேன், ஏனென்றால் நீ என் மகள். அழுகையை அடக்கிக்கொண்டு பார்க்க வேண்டிய காட்சி. சில வாரங்களில் அதே தகப்பன், போரில் வெற்றி வேண்டி, நெருப்புத் தெய்வத்துக்கு அவளை உயிரோடு பலி கொடுக்கிறார். நோய் விட்டுவைத்த உயிரைப் பக்தி எடுத்துக்கொண்டது. அடுத்த நாள் படையில் பாதி ஓடிப்போகிறது; போரிலும் தோல்வி.

நோயைத் தெய்வீகம் என்று உண்மையிலேயே அறிவித்துவிட்டால் என்ன ஆகும்? இந்தச் சோதனையையும் செய்து பார்த்திருக்கிறார்கள், அதுவும் ஒரு வீடியோ கேமில். பெதஸ்டா நிறுவனம் 2002இல் வெளியிட்ட 'மோரோவிண்ட்' விளையாட்டில் கார்ப்ரஸ் என்று ஒரு நோய். உடம்பு கட்டுக்கடங்காமல் வீங்கிச் சதை பெருகும், புத்தி கலங்கும். ஆனால் வேறு நோய் வராது, மூப்பும் வராது. டாகோத் ஊர் என்ற அரைத்தெய்வம் எரிமலைக்குள் இருந்து அதைப் பரப்புகிறான். அவனைப் பொறுத்தவரை அது வரம். நாட்டின் கோயிலுக்கு அது பேயின் தீண்டல். சாம்பல் நிலத்து நாடோடிகளின் தீர்க்கதரிசனத்திலோ நோயும் மூப்பும் தீண்டாதவனே மீட்பன். விளையாடுகிறவருக்கே அந்த நோய் தொற்றும். மீட்பனாக அறியப்பட வேண்டுமானால் முதலில் நோயாளியாக வேண்டும்.

இத்தனை வேதாந்தத்துக்கு நடுவில் டிவைத் ஃபிர் என்ற கிழ மந்திரவாதி தன் கோபுரத்தின் அடியில் கார்ப்ரஸ் நோயாளிகளுக்கு ஒரு விடுதி நடத்துகிறார். உள்ளே போகிறவரிடம் அவர் வைக்கும் நிபந்தனை ஒன்று: அவர்கள் அடித்தாலும் திருப்பி அடிக்காதே. வாளும் கையுமாக அலைவதே வேலையாக உள்ள விளையாட்டில், புத்தி பேதலித்த நோயாளிகளுக்கு நடுவே ஆயுதத்தை உருவாமல் ஓட வேண்டும். வரம், சாபம், தீர்க்கதரிசனம் எல்லாவற்றையும்விட இந்த நிபந்தனைதான் ஆடியவர்களின் நினைவில் தங்கும். ஃபிர் ஒன்றும் மகான் இல்லை. தான் கண்டுபிடித்த மருந்தை யார் மேலாவது சோதித்துப் பார்க்கும் ஆசையும் அவருக்கு உண்டு. ஆனால் அந்த உலகத்திலேயே நோயாளியை நோயாளியாகப் பார்க்கிறவர் அவர்தான்.

சூசன் சாண்டாக் 1978இல் 'இல்னஸ் அஸ் மெட்டஃபர்' நூலில் வாதிட்டதும் இதைத்தான். அவரே புற்றுநோய் கண்டவர். நோயை உருவகமாக்குவது நோயாளியின் தலையில் இரண்டாவது சுமையை ஏற்றுவது. உருவகத்தைக் கழற்றிவிட்டு நோயை நோயாகப் பார்ப்பதே நேர்மை என்றார். வலுவான வாதம். ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. தீராத நோயுடன் பத்து, இருபது வருடம் வாழ்கிறவருக்குத் தன் வாழ்வுக்கு ஏதாவது அர்த்தம் வேண்டாமா? பெல்ஜியப் பாதிரியார் தமியான் 1873இல் ஹவாயின் மொலகாய் தீவிலுள்ள தொழுநோயாளர் குடியிருப்புக்குப் போனார். வீடு கட்டினார், புண் கழுவினார், சவப்பெட்டி செய்தார். கடைசியில் தானும் நோயாளியாகி 1889இல் அங்கேயே இறந்தார். நோயைச் சிலுவையாக ஏற்றுக்கொண்டார். அந்த அர்த்தத்தை அவரிடமிருந்து பிடுங்க யாருக்கும் உரிமையில்லை. தன் நோய்க்குத் தானே ஒருவர் தேடிக்கொள்ளும் பொருள் ஊன்றுகோலாகலாம். அதே பொருளை நலமாக இருக்கிறவர் எடுத்து நோயாளிமேல் சாற்றும்போதுதான் அது தடியாகிறது. பைபிளில் நோயில் விழுந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் வாய்பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். விளக்கம் சொல்ல வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

தமியான் மொலகாயில் இறங்கிய அதே 1873இல்தான் நார்வேயின் பெர்கன் நகரில் அர்மவுர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். காரணம் கிடைத்துவிட்டது. காரணம் கிடைத்ததும் அர்த்தம் கழன்று விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. 1954இல் வந்த 'ரத்தக்கண்ணீர்' படத்தை எடுத்துக்கொள்ளலாம். நாயகனாக நடித்த எம்.ஆர். ராதா பெரியாரின் தொண்டர். சாமியையும் சாஸ்திரத்தையும் மேடையில் கிழித்தவர். கதையை எழுதிய திருவாரூர் தங்கராசுவும் பகுத்தறிவாளர். ஆனால் தாயை உதைத்து, மனைவியைத் தள்ளி, தாசி காந்தாவின் வீடே கதியென்று கிடந்த மோகனசுந்தரத்துக்குக் கதை கொடுக்கிற கூலி குஷ்டம். கடவுளை நீக்கிய பிறகும் தண்டனை மட்டும் அப்படியே நின்றது! ராதாவின் நடிப்பு மகத்தானது, குரலை இன்றும் மிமிக்ரி செய்கிறார்கள். அந்தப் படம் பார்த்து வளர்ந்த ஊர்களில் நிஜமான நோயாளிகள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யாரும் அதிகம் எழுதவில்லை.

இத்தனைக்கும் அந்த வருடங்களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை என்று நிரூபித்துக்கொண்டிருந்தார். நரம்பு செத்து வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், புண்ணோடு நடக்கிறார்கள், விரல் போகிறது. பால்ட்வினின் கையும் டிரியனின் கத்தி முனையும் சொன்ன அதே செய்தி. மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி அவர் நிமிர்த்திக் காட்டினார்.

கிரேஸ்கேலுக்கும் தொலைக்காட்சியில் வைத்தியம் கிடைத்துவிட்டது. 2017இல் வந்த ஏழாம் பருவத்தில் சாம்வெல் டார்லி என்ற மாணவன், பெரியவர்கள் கைவிட்ட ஜோரா என்ற வீரனின் கல்தோலைச் சீவி எடுத்து, களிம்பு பூசிக் குணப்படுத்துகிறான். அதற்குப் பிறகு காரினின் சாபத்தைப் பற்றி அந்தத் தொடரில் யாரும் பேசவில்லை. திரைக்கதையில் இது சுலபம், நிஜத்தில் இல்லை. தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் நோய் தீரும், மருந்து இலவசம். நோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க ஆங்கிலேயர் 1898இல் போட்ட சட்டம் இந்தியாவில் ரத்தானது 2016இல். அதற்குப் பிறகும் வாழ்க்கைத் துணைக்குத் தொழுநோய் இருந்தால் விவாகரத்துக் கேட்கலாம் என்று இந்து, முஸ்லிம், கிறிஸ்தவத் திருமணச் சட்டங்கள் மூன்றிலும் ஒரு விதி இருந்தது. பலவற்றில் ஒத்துப்போகாத மூன்றும் இதில் ஒத்துப்போயிருந்தன. 2019 பிப்ரவரியில்தான் நாடாளுமன்றம் அதை நீக்கியது.